கண்டக்கழலையும் பதிவறைக் கணக்கும்

எமது கல்லூரியின் ஜூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, எழுதுவதற்கு எம்மிடம் யாதுளது என்று முதலிற் கூசினோம். நீதிபதிகளும் எந்திரிகளும் பேராசிரியர்களும் எழுதும் மலர் இது. நாமோ அரசாங்க வைத்தியசாலைகளின் பதிவறைகளிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் உத்தியோகம் பார்த்தவர். நோயாளரைத் தொட்டவரல்லோம், அவர்தம் காகிதங்களைத் தொட்டவர். ஆயினும் அக்காகிதங்களினூடே கண்ட சங்கதிகளுள் ஒன்றையாவது சொல்லிவைத்தல் தகுமெனத் தோன்றிற்று. அது கண்டக்கழலை என்னும் ஒரு நோயைப் பற்றியது; அதனை எழுதுவோர் ஒரு சொல்லைக் குறைத்தால் யார் யாருக்கு என்ன குறைகின்றது என்பது பற்றியது.

தொண்டையின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல இரு மடல்களுடன் மூச்சுக்குழலை அணைத்துக் கிடப்பது தைரொயிட் சுரப்பி. வளர்ந்தவர்க்கு அதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். தோமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில வைத்தியர் 1656 இல் கேடயம் என்னும் பொருள்பட இதற்குக் கிரேக்கச் சொல்லாற் பெயரிட்டார். இச்சுரப்பி எக்காரணத்தாற் பருத்தாலும் அப்பருமைக்குக் கண்டக்கழலை என்பதே பெயர். எம்மூரவர் கழுத்திலே எது வீங்கினும் கண்டமாலை என்பர். நாட்டு வைத்தியர் கண்டமாலை என்பதோ பெரும்பாலும் கழுத்து நெறிகள் மாலைபோலத் திரள்வது; அது வேறு நோய்.

பருமையை அளக்க வைத்தியர் கையாளும் கோல் மிக எளியது. சுரப்பியின் மடல் அந்நோயாளியினது பெருவிரலின் நுனிக்கணுவிலும் பெரிதாயிருப்பின் அது கழலை. பிறருடைய பெருவிரலன்று, அவருடைய பெருவிரலே அளவு. குழந்தைக்குக் குழந்தையின் விரல். உலக சுகாதார ஸ்தாபனம் 1994 இல் இதனை மூன்று படிகளாகச் சுருக்கிற்று. காணவும் தொடவும் இல்லையெனிற் பூச்சியம். கைக்குத் தட்டுப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாதாயின் ஒன்று. கழுத்தை இயல்பாக வைத்திருக்கையிலேயே கண்ணுக்குத் தெரியுமாயின் இரண்டு.

ஆனால், பருத்தது என்று அறிந்த மாத்திரத்தில் நோய் அறியப்பட்டதாகுமா? எமக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர், மரம் என்பது பொதுப்பெயர், பனை என்பது சிறப்புப்பெயர் என்று விளக்கியபின், "வெட்டப்போகிறவனுக்கு மரம் என்று சொல்லியனுப்பாதே" என்று முடிப்பார். வகுப்பிலே நாம் சிரித்தோம். கழலை என்பதும் அத்தகைய பொதுப்பெயரே. உணவில் அயடீன் குறைந்தாற் சுரப்பி பருக்கும். உடலின் எதிர்ப்புச்சக்தி தன் சுரப்பியையே பகைத்துத் தாக்கினாலும் பருக்கும்; யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912 இல் விவரித்தது இதனையே. சுரப்பு அளவிறந்து பெருகி நெஞ்சு படபடத்து உடல் மெலியும் நோயிலும் பருக்கும். ஒரு முடிச்சாலும் பருக்கும், பல முடிச்சாலும் பருக்கும், புற்றுநோயாலும் பருக்கும். வெளியே இருந்து பார்ப்பவர்க்கு எல்லாம் ஒரே வீக்கம். ஒன்றுக்கு உப்பு மருந்து, ஒன்றுக்குக் குளிசை, ஒன்றுக்குக் கத்தி, ஒன்றுக்கு ஒன்றுமே வேண்டாம், ஆண்டுக்கொருமுறை பார்த்தாற் போதும்.

இனிப் பதிவறைக்கு வருவோம். நோயாளி வாட்டிலிருந்து வீடு செல்லும்போது அவர் கையிலே நோய் நிர்ணய அட்டை ஒன்று கொடுக்கப்படும். அவருடைய கட்டிலின் தலைமாட்டிலே தொங்கிய டிக்கற்று பதிவறைக்கு வந்துசேரும். அட்டை நோயாளிக்கு, டிக்கற்று அரசாங்கத்துக்கு என்று சொல்லலாம். டிக்கற்றின் முகப்பிலே வைத்தியர் எழுதிய நோய்ப்பெயரை வாசித்து, அதற்குரிய சர்வதேச இலக்கத்தைப் பெரிய புத்தகத்திலே தேடி, சிவப்பு மையால் எழுதுவது எம் வேலை. இவ்விலக்கங்கள் கூட்டப்பட்டுக் காலாண்டுக்கொருமுறை சுகாதார அமைச்சின் புள்ளிவிபரப் பிரிவுக்குச் செல்லும். இன்று இவ்வேலை கணினியிலே நடைபெறுகின்றது. தேடுவது மாறிற்றேயன்றி வாசிப்பது மாறவில்லை.

அப்பெரிய புத்தகத்தின் வரலாறு சுவையானது. இங்கிலாந்திலே மரணப் பதிவுகளை ஆராய்ந்த வில்லியம் பார் என்பவர், ஒரே நோய் மூன்று நான்கு பெயர்களாலும், பல நோய்கள் ஒரே பெயராலும் எழுதப்படுவது கண்டு சலித்துப் பொதுப்பட்டியல் ஒன்று வேண்டுமென்றார். பிரான்சியரான பேர்ட்டியோன் 1893 இற் சிக்காகோவில் கூடிய புள்ளிவிபர அறிஞர் முன் மரணகாரணப் பட்டியலொன்றைச் சமர்ப்பித்தார். 1948 இல் ஆறாந் திருத்தம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கைக்கு வந்தபோதுதான் இறந்தவரின் நோய்களோடு உயிரோடிருப்போரின் நோய்களும் அதில் இடம்பெற்றன. கழலையே இத்தேவைக்கு நல்ல சாட்சி. சுரப்பு மிகுந்த கழலை நோயை ஆங்கிலேயர் 1835 இல் எழுதிய கிரேவ்ஸ் பெயராலும், ஜெர்மானியர் 1840 இல் எழுதிய பாசடோ பெயராலும் அழைத்தனர். இருவர் கணக்கையும் ஒருங்கே கூட்டுவதற்கு ஆளின் பெயர் உதவாது, இலக்கம் உதவும்.

நாம் வேலையிற் சேர்ந்து சில ஆண்டுகளின்பின் கையில் வந்தது ஒன்பதாந் திருத்தம். அதில் வகை கூறப்படாத கழலைக்கு இலக்கம் 240.9, ஒற்றை முடிச்சுக்கு 241.0, பல முடிச்சுக்கு 241.1. பின்னர் வந்த பத்தாந் திருத்தத்திலே இலக்கத்தின் முன் ஆங்கில எழுத்தொன்று நிற்கும். அகஞ்சுரக்குஞ் சுரப்பிகளின் நோய்களுக்கு ஈ என்னும் எழுத்து. சுரப்பு மிகாது சுரப்பி முழுதும் சீராகப் பருத்தது ஈ 04.0. ஒற்றை முடிச்சு ஈ 04.1. பல முடிச்சு ஈ 04.2. அயடீன் குறைவால் வந்தது இவ்வரிசையிலேயே இல்லை. அது ஈ 01 என்னும் வேறு வீட்டிலே குடியிருக்கின்றது. சுரப்பு மிகுந்தவை ஈ 05. எதிர்ப்புச்சக்தியால் வரும் அழற்சி ஈ 06.3. தீங்கற்ற கட்டி டீ 34. புற்றுநோய் சீ 73. கர்ப்பவதிக்குக் கழலை இருந்து அது கர்ப்பத்தைப் பாதிப்பின் ஓ 99.2 என்று பிரசவ அத்தியாயத்துக்கே போகவேண்டும். வைத்தியர் வேறு யாதுங் கூறாது "கழலை" என்று மட்டும் எழுதியிருப்பின், அல்லது "தைரொயிட் பருத்துள்ளது" என்றிருப்பின், புத்தகத்தின் அகராதி எம்மை ஈ 04.9 என்னும் இடத்திலே கொண்டுபோய் நிறுத்தும். வகை கூறப்படாதது என்பது அதன் பொருள். பதிவறையிலே அதற்கு நாம் இட்ட பெயர் மடம். வழிப்போக்கர் யாவரும் தங்கலாம். எவ்வூரென்று எவரும் கேட்பதில்லை.

அந்த மடம் நிரம்பி வழிந்தது. அதற்குக் காரணம் எம் தொழிலின் கண்டிப்பான விதி ஒன்று: வைத்தியர் எழுதாததைப் பதிவாளர் எழுதலாகாது. டிக்கற்றின் உள்ளே ஸ்கான் அறிக்கை பல முடிச்சுகளைக் காட்டும். இரத்தப் பரிசோதனைச் சீட்டிலே சுரப்பு மிகுதி தெளிவாயிருக்கும். நாமும் பல ஆண்டுப் பழக்கத்தால் விளங்கிக்கொள்வோம். ஆயினும் முகப்பிலே "கழலை" என்று இருக்குமாயின் நாமாக ஈ 05.2 என்று எழுதுதல் நோயை நிர்ணயித்ததாகும். அது எம் வேலையன்று. டிக்கற்றை வாட்டுக்குத் திருப்பியனுப்பி, "தயைகூர்ந்து வகையைக் குறிப்பிடுக" என்று சிறு துண்டு வைப்பதே முறை. திருப்பியனுப்பியவற்றிற் பாதி திரும்பி வரும். மறுபாதி வராமலே போகும். இதிலே இளம் வைத்தியர்களைக் குறை சொல்லுதல் நியாயமன்று. இரவு முழுதும் கண்விழித்தவர், காலையில் இருபது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர், ஒரு சொல் எழுதிய இடத்தில் நான்கு சொல் எழுதவில்லையே என்று மேசையிலிருந்த நாம் முணுமுணுக்கலாம், அவ்வளவுதான்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. சுரப்பு மிகாத கழலையை ஆங்கிலத்திலே நொன்ரொக்சிக் என்பர். மிகுந்ததை ரொக்சிக் என்பர். அட்டையிலே அச்சொல்லைக் கண்ட ஒரு முதியவர், ரொக்சிக் என்றால் நஞ்சு என்று பேரன் அகராதி பார்த்துச் சொல்லக் கேட்டு, "ஐயா, எனக்கு ஆர் நஞ்சு வைத்தது?" என்று பதிவறை யன்னலிலே வந்து நின்றார். அவரைத் தேற்றியனுப்ப அரைமணி சென்றது. ஆயினும் அட்டையிலே தவிர்க்கக்கூடாத சொல் அதுவே. சுரப்பு மிகுந்திருப்பதை அறியாது ஒருவரை மயக்கி வேறேதும் சத்திரசிகிச்சை செய்யின், நாடி கட்டுக்கடங்காது ஓடி உயிருக்கே மோசம் வரலாம். 1847 இல் எம் நாட்டுக்கு வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன் போன்ற ஒருவர் இன்றிருப்பின், பயமுறுத்தாத நல்ல தமிழ்ச் சொல்லொன்றை இதற்குச் செய்து தந்திருப்பார் என்று நாம் எண்ணுவதுண்டு.

தேசத்தின் கணக்குக்கு வருவோம். இலங்கையின் தென்மேற்கிலுள்ள ஈரவலயம் கழலைக்குப் பேர்போனது. மழை மிகுந்த அப்பகுதியிலே கழலை மிகுந்தும், வரண்ட வலயத்திலே குறைந்தும் காணப்பட்டதை ஆராய்ச்சியாளர் 1950 களிலும் 1960 களிலும் எழுதினர். 1986 இற் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. களுத்துறையில் இது 30 ஐத் தாண்டிற்று. 1995 இல் உண்ணும் உப்புக்கெல்லாம் அயடீன் சேர்க்கவேண்டுமென்று சட்டம் வந்தது. ஐந்தாறு ஆண்டுகளின்பின் பிள்ளைகளை மீண்டும் பரிசோதித்தனர். சிறுநீரிலே அயடீன் போதிய அளவு இருந்தது. உப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. கழலையோ நூற்றுக்கு 20.9.

இதனை வாசித்தபோது எமக்கு உண்டான திகைப்பு இன்னும் நினைவிருக்கின்றது. அயடீன் குறைவு நீங்கியும் கழுத்து பருத்திருப்பின் அக்கழலைகள் எவ்வகையின? பழைய குறைவின் தழும்புகளா? புதிதாகத் தோன்றிய எதிர்ப்புச்சக்தி நோயா? பாடசாலைச் சிறுமிகளின் இரத்தத்திலே சுரப்பியைப் பகைக்கும் எதிர்பொருள்கள் மிகுந்திருந்ததை 2000 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டி, அயடீனே இதற்குக் காரணமோ என்றுங் கேட்டது. இத்தகைய கேள்விக்கு விடை தேடுவோர் வைத்தியசாலைப் புள்ளிகளிடமும் வருவர். ஈ 01 குறைந்து ஈ 06.3 கூடுகின்றதா என்று பார்ப்பர். நாம் அவர்களுக்குக் காட்டக்கூடியது என்ன? மடத்தைத்தான். கழலை, கழலை, கழலை என்று கட்டுக்கட்டாக. பின்வந்த ஆண்டுகளிற் பிள்ளைகளிடைக் கழலை வெகுவாகக் குறைந்தது நல்ல செய்தியே. ஆனால் இடைப்பட்ட அவ்வாண்டுகளில் எது எதுவாக மாறிற்று என்பதைப் பழைய டிக்கற்றுகளைக் கொண்டு இனி எவரும் சொல்ல முடியாது.

இலக்கம் சரியாக இருந்தாலும் அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். மார்பெலும்பின் பின்னே இறங்கி மூச்சுக்குழலை நெருக்கும் கழலைக்கும் கழுத்தோடு நின்ற கழலைக்கும் பத்தாந் திருத்தத்தின் அகராதி ஒரே இலக்கமே தருகின்றது. சத்திரவைத்தியருக்கோ இரண்டும் வானமும் பூமியும். ஆதலின் இலக்கம் இருக்கின்றதே, சொல் எதற்கு என்று எவரும் இருந்துவிடலாகாது. சுரப்பியை முழுதும் அகற்றிவிட்ட பின்னும், கிளினிக்குக்கு வருந்தோறும் "கழலை" என்றே பழக்கத்தால் எழுதப்பட்டவர்களையும் கண்டிருக்கின்றோம். அவரிடம் இருப்பது கழலையன்று, சுரப்பியின்மை. அதற்கு ஈ 89.0 என்று வேறு இலக்கமே உண்டு.

யாவற்றிலும் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. அகற்றப்பட்ட துண்டு நோய்க்குணவியற் சோதனைக்கு அனுப்பப்படும். அறிக்கை வருவதற்கு அக்காலத்திலே வாரக்கணக்காகும். அதற்குள் நோயாளி அட்டையோடு வீடு சென்றுவிடுவார். அட்டையிலே சத்திரசிகிச்சைக்கு முன் நினைத்த நோயே இருக்கும். நாம் முன்பு பணிசெய்த ஒரு வைத்தியசாலையில், பிந்தி வந்த அறிக்கைகள் சணற்கயிற்றாற் கட்டப்பட்டு யன்னலோரத்திலே மழைச்சாரலில் நனைந்துகொண்டிருந்தன. இலங்கையின் 2019 ஆம் ஆண்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டிலே பெண்களிடை மார்புப் புற்றுநோய்க்கு அடுத்து நிற்பது தைரொயிட் புற்றுநோய் என்பதை அறிவோர் அந்தச் சணற்கட்டின் பாரத்தை உணர்வர்.

இதன்பின் நாம் மாற்றலாகிச் சென்ற பதிவறையின் தலைவர் வேறு விதமானவர். எம் கல்லூரியில் எமக்குப் பல ஆண்டு முன் படித்தவர், காலஞ்சென்றுவிட்டார். தைரொயிட் சத்திரசிகிச்சை டிக்கற்றுகள் வந்தால் அவற்றுக்கு இலக்கமிட விடமாட்டார். மரத்தட்டு ஒன்றிலே தனியே அடுக்கிவைத்து, அறிக்கை வந்து உள்ளே கோத்தபின்னரே எமக்குத் தருவார். எச்சுற்றறிக்கையும் அவரை அவ்வாறு செய்யப் பணிக்கவில்லை. காலாண்டுக் கணக்கு பிந்துகின்றதென்று மேலிடத்திலிருந்து கடிதம் வரும். "பிந்தட்டும்" என்பார்.

1986 இல் ஒருநாள் அத்தட்டிலிருந்த டிக்கற்றொன்றின் அறிக்கை வந்தது. முகப்பிலே பல்முடிச்சுக் கழலை, இடது மடல் அகற்றப்பட்டது என்றிருந்தது, நாம் 241.1 என்று எழுதி முடித்திருக்கவேண்டிய டிக்கற்று. அறிக்கையோ பப்பிலரி வகைப் புற்றுநோய் என்றது. தலைவர் அதனைப் பியோனிடங் கொடுக்காமல் தாமே எடுத்துக்கொண்டு சத்திரவைத்தியரிடம் நடந்தார். நோயாளிக்குக் குறித்த கிளினிக் திகதி கடந்திருந்தது, அவர் வரவில்லை. தையல் ஆறிவிட்டது, நோவில்லை, இனி எதற்கு என்று இருந்துவிட்டார். இரண்டு கடிதங்கள் அனுப்பியும் பதில் இல்லை. விலாசத்தைப் பார்த்தபோதுதான் அது எம் வகுப்புத் தோழர் ஒருவரின் தமக்கையார் வீடென்று கண்டோம். (அவருடைய சம்மதத்தோடேயே இதனை எழுதுகின்றோம், பெயர் வேண்டாமென்றார்.) ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏழு மைல் சென்றோம். அவர் முற்றத்திலே மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நோயின் பெயரைச் சொல்ல எமக்கு உரிமையில்லை, சொல்லவுமில்லை. "அக்கா, பெரிய டொக்டர் உங்களை ஒருக்கால் பார்க்கவேணுமாம்" என்றோம். அவர் எம் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். "சுகமாய்த்தானே தம்பி இருக்கிறன்" என்றார். பின்னர் உள்ளே சென்று சேலை மாற்றிக்கொண்டு வந்து, "இண்டைக்கே வரவேணுமோ?" என்று கேட்டார்.

எஞ்சிய மடலும் அகற்றப்பட்டது. இம்முறை அட்டையை அந்தச் சத்திரவைத்தியரே எழுதினார். வகை, எம்மடலில் இருந்தது, கட்டியின் அளவு, இரு முறையும் எதை எதை அகற்றினார், நெறிகளிற் பரவவில்லை என்பது, தைரொக்சின் குளிசை எவ்வளவு, எத்தனை காலம் என்பன எல்லாம் ஆறு வரியில் அடங்கின. டிக்கற்றிலே நாம் 193 என்று எழுதினோம்.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவ்வக்கா சொப்பின் பை ஒன்றிலே காணியுறுதியையும் விவாகப் பதிவுப் பத்திரத்தையும் அந்த அட்டையையும் வைத்து மார்போடு கட்டிக்கொண்டு நடந்தார். அத்தகைய பைகள் அன்று அவ்வீதியிலே எத்தனையோ. பலவற்றின் அட்டைகளிலே ஒரு சொல்லே இருந்தது. வன்னியிற் புதிதாகப் பார்த்த வைத்தியர்கள் அவர்களை முதலிலிருந்து கேட்கவேண்டியிருந்தது, அவர்களுக்கோ சொல்லத் தெரியவில்லை. இவர் 2001 இல் மகனோடு இலண்டனுக்குப் போனார். அங்கே ஒரு வைத்தியர் ஈரமும் புழுதியும் பட்டு மஞ்சளித்த அவ்வட்டையை மேசையிலே விரித்து ஆறு வரியையும் இருமுறை வாசித்து, நோயைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் கேளாமல் மருந்தெழுதினாராம்.

2023 இல் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் எம் வீட்டுக்கும் வந்தார். பேச்சோடு பேச்சாக, அந்த நாளில் தம் டிக்கற்றிலே நாம் எழுதிய நம்பர் என்னவென்று கேட்டார். 193 என்றோம். அது பின்னர் சீ 73 ஆயிற்று என்றும், 2022 சனவரி தொடக்கம் நடைமுறைக்கு வந்த பதினொராந் திருத்தத்திலே 2டீ10 என்றும் சொன்னோம். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்பர் ரண்டு தரம் மாறிப்போச்சு, தம்பி. குளிசை அதே குளிசைதான்."